ஈரத்துக்குள் தாகம்

(கோவையில் மாடித் தோட்டம் போடுபவர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே நுழையும்போது முன்வரிசையில் ஓர் அம்மா மடியில் ஒரு தொட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். யூக்கா. மூன்று தண்டுகள், ஒன்றைவிட ஒன்று உயரமாக. நடுத்தண்டின் தலை மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் தூக்கி வந்தவரைப் போல இருந்தார். "இது வாட ஆரம்பிச்சதும் என்னங்கம்மா பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "தண்ணி ஊத்துனேங்க. அப்பவும் எந்திரிக்கல. இன்னும் கொஞ்சம் ஊத்துனேன்" என்றார்.

இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்தப் பதிலைப் பற்றித்தான். 27 ஆண்டுகள் பயிர் நோயியல் கற்பித்திருக்கிறேன். வாடிய செடியோடு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. நம் வீட்டுச் செடிகள் நம் கண்ணை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. கீரைப் பாத்தி உச்சி வெயிலில் துவண்டு கிடக்கும். ஒரு குடம் ஊற்றினால் சாயங்காலம் நிமிர்ந்து நிற்கும். துளசியும் அப்படித்தான், கொத்தமல்லியும் அப்படித்தான். துவண்டால் தண்ணீர் என்பது நம் கைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாடம்.

யூக்காவிடம் அந்தப் பாடம் செல்லாது. அதன் இலை முழுக்க நார். தண்டோ தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் கிடங்கு. இரண்டு மூன்று வாரம் நீங்கள் மறந்துபோனாலும் இலை விறைப்பாகவே நிற்கும். நுனி காயும், அடியிலை ஒன்றிரண்டு பழுக்கும், அதோடு சரி. அப்படிப்பட்ட செடி கொத்தோடு தலையைத் தொங்கப் போடுகிறது, விரலை விட்டுப் பார்த்தால் மண் சில்லென்று ஈரமாக இருக்கிறது என்றால், அதற்குத் தண்ணீர் கிடைக்காமல் போகவில்லை. கிடைத்த தண்ணீர் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. வேர் செத்திருக்க வேண்டும், அல்லது தண்டுக்குள் போகும் குழாய் அடைபட்டிருக்க வேண்டும். இந்த நிலையில் நாம் ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் செடிக்குப் போவதில்லை. அதைத் தின்றுகொண்டிருக்கும் பூஞ்சாணத்துக்குப் போகிறது.

நோய்க்குப் போகுமுன் இந்தச் செடி யாரென்று கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். அது வாழ்ந்த இடம் தெரிந்தால் அது ஏன் சாகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

யூக்கா என்ற பெயரே ஒரு குழப்பத்தில் வந்தது. கரீபியத் தீவுகளின் மக்கள் மரவள்ளிக்கு வைத்திருந்த பெயர் அது. இந்தச் செடி ஐரோப்பாவுக்குப் போனபோது மரவள்ளிதான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஜான் ஜெரார்ட் 1597இல் வெளியிட்ட மூலிகை நூலிலும் அந்தக் குழப்பம் இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அதையே பேரினப் பெயராக நிலைநிறுத்திவிட்டார். மரவள்ளிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதன் உண்மையான உறவினர்கள் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் கூடை கூடையாகப் பறிக்கிறார்களே, அந்தச் சம்பங்கி இதன் நெருங்கிய பங்காளி. வேலியோரத்து ஆனைக்கற்றாழை இன்னொரு பங்காளி. மருளும், தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே குடும்பம். சோற்றுக்கற்றாழை மட்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு குடும்பம்.

நம் கூடத்தில் நிற்பது பெரும்பாலும் முனையில் முள் இல்லாத இனம். அடித்தண்டு பருத்து யானைக்கால்போல் ஆகிவிடுவதால் எலிஃபன்டிப்பீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது ஜைகான்டியா என்கிறார்கள். தெற்கு மெக்சிகோவும் குவாதமாலாவும் எல் சால்வடோரும் அதன் தாய்மண். அங்கே அதற்கு இஸோட்டே என்று பெயர். 1995 முதல் எல் சால்வடோரின் தேசிய மலர் அது. வெள்ளைப் பூங்கொத்தை உதிர்த்து முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். வேலிக்கு வேண்டுமென்றால் ஒரு தண்டை வெட்டி ஊன்றினால் போதும். நம் கொங்கு நாட்டில் கிளுவைப் போத்தை வெட்டி வேலி போடுகிறோமே, அதே வழக்கம். பளீரென்ற வெயில், பெய்த மழை நிற்காமல் வடிந்துபோகும் சரிவு நிலம், வேருக்கு எப்போதும் காற்று. யூக்கா கேட்பது இவ்வளவுதான். நாமோ அதைக் கொண்டுவந்து நிழலான கூடத்தில், தண்ணீரைப் பிடித்து வைக்கும் கோகோபீட்டில், கீழே தட்டு வைத்து நிறுத்துகிறோம்.

வியாபாரம் நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். குவாதமாலாவிலும் கோஸ்டாரிக்காவிலும் வயலில் வளர்ந்த தண்டுகளை அளவு பார்த்துத் துண்டு போடுகிறார்கள். மேல் வெட்டில் மெழுகு பூசிக் கப்பலேற்றுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வேர்விட வைத்து, உயரம் மாற்றி மூன்று தண்டுகளை ஒரே தொட்டியில் நட்டு விற்கிறார்கள். நம் நர்சரிகளில் கிடைப்பது எங்கே வெட்டப்பட்டிருந்தாலும் முறை இதுதான். உங்கள் தொட்டியில் இருக்கும் மூன்று தண்டுகளின் தலையையும் பாருங்கள், மெழுகு இருக்கும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இந்தச் செடி தன் வாழ்க்கையை ஒரு வெட்டுக்காயத்தோடு தொடங்குகிறது. அடிவெட்டில் மெழுகு கிடையாது. மண்ணுக்குள் திறந்த புண்ணாகத்தான் போகிறது. இரண்டு, விதையிலிருந்து வந்ததல்ல என்பதால் ஒரு தாயிலிருந்து வெட்டிய துண்டுகளெல்லாம் அச்சு அசல் ஒன்றே. ஒன்றைச் சாய்க்கும் பூஞ்சாணம் எல்லாவற்றையும் சாய்க்கும்.

விதை ஏன் இல்லை என்பதே ஓர் அழகான கதை. யூக்காவின் மகரந்தத்தைச் சேர்ப்பதற்கென்றே ஒரு சிறு வெள்ளை விட்டில்பூச்சி அமெரிக்காவில் உண்டு. தாய்ப்பூச்சி ஒரு பூவில் மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டித் தாடையின் கீழ் இடுக்கிக்கொண்டு, வேறொரு பூவுக்குப் பறந்து, சூலகத்தில் முட்டையிட்டு, பிறகு அந்த மகரந்தத்தைத் தானே சூல்முடியில் அழுத்தி வைக்கும். புழு விளையும் விதையில் கொஞ்சம் தின்னும், மிச்சத்தைச் செடிக்கு விட்டுவிடும். 1870களின் தொடக்கத்தில் எங்கல்மான், ரைலி என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். ரைலி அமெரிக்க மாநிலம் ஒன்றின் பூச்சியியலாளராக இருந்தவர். இரவில் விளக்கோடு பூவின் பக்கத்தில் காத்திருந்து பார்த்தார். அந்தப் பூச்சி நம் ஊரில் இல்லை. ஆகவே துண்டு வெட்டித்தான் பெருக்க வேண்டியிருக்கிறது. துண்டோடு நோயும் பயணம் போகிறது.

இனி நோய்.

தமிழில் வாடல் நோய் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். யூக்காவைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு எதிரிகள் இருக்கலாம். மூவரின் தடயமும் வேறு, அதனால் நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் மாறும்.

முதலாவது ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணம். மூன்றில் கொடியது இதுதான், ஆகவே இதன் மேல் சற்று நேரம் நிற்கிறேன். இதில் ஆக்ஸிஸ்போரம் என்ற சிற்றினத்தை 1824இலேயே பெயரிட்டுவிட்டார்கள். உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ரஸ்தாளித் தோட்டத்தில் இலைகள் பழுத்து, காம்பு ஒடிந்து, பாவாடைபோலத் தண்டைச் சுற்றித் தொங்குமே, அது இதன் வேலை. 1876இல் ஆஸ்திரேலியாவில் பான்கிராஃப்ட் என்பவர் முதன்முதலாக எழுதிவைத்த இந்த நோய்தான் பிறகு பனாமா நோய் என்ற பெயரில் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களை அழித்தது. உலகமே தின்றுகொண்டிருந்த குரோமிஷேல் ரகம் 1960களுக்குள் ஏற்றுமதிச் சந்தையைவிட்டுப் போய்விட்டது. அதுவும் கன்றிலிருந்து கன்றாகப் பெருக்கிய ஒரே ரகம். துண்டு வெட்டிப் பெருக்குவதன் ஆபத்தை முன்பு சொன்னேனே, அது இதுதான்.

யூக்காவின் பங்காளிகளும் இதற்குத் தப்பவில்லை. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா மது வடிக்க நீலக் கற்றாழையை மைல் கணக்கில் பயிரிடுகிறார்கள். அங்கே ஃபியூசேரியம் சம்பந்தப்பட்ட ஒரு வாடல் நோய் வந்தது. அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கற்றாழையின் சோகமும் சாவும்'. நோய்க்கு இப்படி ஒரு பெயரை ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து வைக்க முடியாது. வரப்பில் நின்று பார்த்தவர்கள் வைத்தது.

"வீட்டுக்குப் பின்னால் வாழை வாடியிருக்கிறது, யூக்காவுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்று பலர் கேட்பார்கள். வாழையைத் தாக்கும் வகை வாழையோடு நிற்கும். தக்காளியைத் தாக்கும் வகை தக்காளியோடு நிற்கும். 1940இல் ஸ்னைடர், ஹான்சன் என்ற இருவர் இந்தப் பூஞ்சாணத்தை இப்படித்தான், எந்தப் பயிரைப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்தார்கள். ஆனால் ஃபியூசேரியத்தில் இப்படித் தனியாக ஒரு பயிரைக் குறிவைக்காமல், நலிந்த வேர் எதுவானாலும் புகுந்துகொள்ளும் கூட்டமும் உண்டு. தொட்டி யூக்காவில் பெரும்பாலும் பார்ப்பது அந்தக் கூட்டத்தைத்தான். வேர் நலிந்த பிறகுதான் அவை வரும். வேரை நலிய வைப்பது நம் கையில் இருக்கும் சொம்பு.

ஃபியூசேரியம் உள்ளே என்ன செய்கிறது? வேரில் ஏதாவது ஒரு கீறல் வழியாகவோ, மூச்சுத் திணறிச் செத்த வேர்நுனி வழியாகவோ நுழைகிறது. தண்ணீர் ஏறும் நுண்குழாய்களை எட்டுகிறது. அங்கே தன் வித்துகளை உதிர்க்கிறது; ஏறும் தண்ணீரே அந்த வித்துகளை மேல்நோக்கிச் சுமந்து போகிறது. செடி சும்மா இருப்பதில்லை. குழாயைச் சுற்றியிருக்கும் உயிரணுக்கள் குழாய்க்குள் பலூன்போல உப்பி வழியை அடைக்கின்றன. கூடவே பசையைச் சுரந்து நிரப்புகின்றன. எதிரி மேலே வராமல் தடுக்கும் கோட்டைக் கதவு அது. சில குழாய்களை அடைத்து எதிரியை நிறுத்திவிட்டால் செடி பிழைக்கும். எதிரி எல்லாக் குழாயிலும் புகுந்துவிட்டால் செடி எல்லாக் குழாயையும் தானே அடைத்துக்கொள்கிறது. காலடியில் தண்ணீர் நிற்க, தலை தாகத்தில் சாகிறது. மாணவியாக இருந்தபோது நுண்ணோக்கியில் அந்த உப்பிய பலூன்களை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஓர் உயிர் தன்னைக் காக்கச் செய்யும் முயற்சியே அதன் முடிவாகிவிடுவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இன்னொரு வாடல் பூஞ்சாணம் உண்டு, வெர்ட்டிசிலியம். ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களில் வாடல் என்றதும் அதன் பெயர் வரும். கத்தரிக்கும் பருத்திக்கும் அது எதிரி; ஒருவித்திலைச் செடிகளை அது பொதுவாகத் தொடுவதில்லை. யூக்கா ஒருவித்திலை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இரண்டாவது எதிரி ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்ஸி. நிலக்கடலையில் தண்டழுகல் என்று சொல்வோமே, அதே ஆள். சம்பங்கியையும் இதுதான் அழுக வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு விசிறிபோலப் படர்ந்திருக்கும். அதன்மேல் கடுகை இறைத்ததுபோல் உருண்டைகள், முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. ஒவ்வொரு கடுகும் அடுத்த தலைமுறை. அதைக் கண்டால் கையால் தட்டிவிடாதீர்கள். தட்டிய கடுகு பக்கத்துத் தொட்டியில் விழுந்தால் அங்கே காத்திருக்கும்.

மூன்றாவது பித்தியமும் பைட்டோப்தோராவும். இவை பார்க்கத்தான் பூஞ்சாணம். உறவு முறையில் கடல்பாசிகளுக்குப் பக்கத்தில் வருபவை. இவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். தட்டில் தேங்கிய நீர் இவற்றுக்குக் குளம். அடையாளம் வேரில் இருக்கிறது: ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல்போல ஓர் இழை மட்டும் மிஞ்சும்.

என் மகள் சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறாள். புதுமனை புகுந்தபோது ஒரு யூக்கா வாங்கினாள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, கூடத்து மூலை, பார்க்க மிக அழகு. மூன்றாம் மாதம், சரியாக ஐப்பசி மழையில், போன் செய்தாள். "அம்மா, இலை தொங்குது. தண்ணி ஊத்திக்கிட்டேதான்மா இருக்கேன்." பயிர் நோயியல் ஆசிரியரின் மகள்! நான் அவளுக்கு இதைச் சொல்லித் தந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரம் போய்த் தொட்டியைத் தூக்கினேன், கனத்தது. பீங்கானுக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதற்கு அடியில் ஓட்டை இருந்தது, வெளித்தொட்டிக்கு இல்லை. நான்கு விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர் நின்றது. மூன்று மாதமாக அந்தச் செடி தண்ணீரில் கால் வைத்து நின்றிருக்கிறது. விற்ற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்கியவளும் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

கவிழ்த்துப் பார்த்தோம். உயரமான தண்டின் அடி விரலுக்குள் அமுங்கியது. வெட்டினேன், உள்ளே காப்பித்தூளைக் கரைத்ததுபோல் இருந்தது. நடுத்தண்டு வெளியே கல்லாக இருந்தது. வெட்டினால் வெளிர் சதையில் சிதறலாகப் பழுப்புப் புள்ளிகள். ஒருவித்திலைச் செடியில் தண்ணீர்க் குழாய்கள் வளையமாக இருக்காது, தண்டு முழுக்கச் சிதறியிருக்கும். ஆகவே அடைபட்ட குழாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வாழைக் கிழங்கை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். மேலே மேலே வெட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். துடைக்காவிட்டால் நோயை நானே மேலே ஏற்றிவிடுவேன். ஒரு முழம் போன பிறகும் புள்ளி நிற்கவில்லை. அதைக் கைவிட்டோம். குட்டைத் தண்டில் இரண்டாம் வெட்டிலேயே சுத்தமான பாலேட்டு நிறம் வந்துவிட்டது. அதுதான் பிழைத்தது.

இதிலிருந்து உங்களுக்குச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். வாடல் தெரிந்த அன்றே தண்ணீரை நிறுத்துங்கள். தண்டைக் கட்டைவிரலால் அடியிலிருந்து மேல்வரை அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பிறகு பயப்படாமல் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில், ஒடித்தால் முறியும். புளித்த நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வந்தால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேரில் மட்டும் கொஞ்சம் அழுகல், தண்டு கெட்டி என்றால், அழுகியதை வெட்டி எறிந்து, புதிய மண்ணில் வைத்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். அடித்தண்டு மிருதுவாகிவிட்டால் வேரைக் காப்பாற்ற நேரம் செலவிடாதீர்கள். மேலிருந்து நல்ல துண்டை எடுப்பதுதான் வழி.

அந்தத் துண்டை உடனே நடக்கூடாது. இதுதான் எல்லோரும் அவசரப்படும் இடம். நிழலில், காற்றோட்டமாக, ஐந்து முதல் ஏழு நாள் வைத்து வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். சேனையை நடுமுன் ஆறவிடுவார்களே, அதே காரணம். தலை எது கால் எது என்று முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இலையில்லாத வெறும் தண்டு என்றால் மாறிவிடும், தலைகீழாய் நட்டால் வராது. பிறகு கரடுமுரடான ஆற்றுமணலில், நனைந்தும் நனையாததுமான ஈரத்தில் ஊன்றுங்கள். இலை போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். தண்டின் தோலுக்கடியில் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. என் மகளின் குட்டைத் தண்டு ஏழாம் வாரம் பக்கவாட்டில் ஒரு பச்சை முளையை நீட்டியது. அவள் அனுப்பிய படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

மருந்து ஊற்றக்கூடாதா என்று கேட்பீர்கள். குழாய்கள் அடைபட்ட பிறகு வேரில் ஊற்றும் மருந்தும் அதே அடைபட்ட குழாய் வழியாகத்தான் ஏற வேண்டும். எப்படி ஏறும்? கடைக்காரர் எல்லா வாடலுக்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை எடுத்துக் கொடுப்பார். பித்தியத்தின் மீது அது வேலையே செய்யாது. மூடிய கூடத்தில், குழந்தைகள் தவழும் இடத்தில் இவற்றை ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாழைத் தோட்டத்தில் வழி இல்லாத விவசாயி செய்வது வேறு. ஒரு தொட்டிக்காக வீட்டுக்குள் விஷம் வேண்டாம்.

முன்கூட்டியே காக்க ஒரு நல்ல துணை இருக்கிறது. ட்ரைக்கோடெர்மா. அதுவும் பூஞ்சாணம்தான், ஆனால் மற்றப் பூஞ்சாணங்களின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்னும். 1932இல் வைண்ட்லிங் என்பவர் அதைக் காட்டினார். வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து இடச் சொல்வோம். அதே கணக்கில் ஒரு கிலோ மக்கிய உரத்துக்கு 50 கிராம். கலந்து, லேசாக நனைத்து, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்தால் பச்சையாகப் பூத்துவிடும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி போதும். அதனோடு ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியைச் சேர்த்து ஊற்றினால் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றுவிடுவீர்கள். செத்துக்கொண்டிருக்கும் செடியை இது எழுப்பாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி.

மண் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கோகோபீட் பொள்ளாச்சிப் பக்கம் நம் தென்னையிலிருந்து வருவது, நல்ல பொருள், நாற்றுவிட அதைவிட நல்லது இல்லை. ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை அது பிடித்து வைக்கும். யூக்காவுக்கு அந்தக் குணம் ஆகாது. செம்மண் ஒரு பங்கு, சலித்துப் பொடி நீக்கிய கரடு மணலோ உடைத்த செங்கல் துண்டோ ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் அடி ஓட்டையில் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் செங்கல் சேருங்கள். தொட்டி மண்சட்டியாக இருந்தால் அதன் சுவரே ஈரத்தை வெளியே இழுத்துக்கொள்ளும். எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால் ஊற்றுங்கள், மண் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். சித்திரையில் பத்து நாளுக்கு ஒரு முறை கேட்கும் அதே செடி கார்த்திகையில் ஒரு மாதம் கேட்காமல் இருக்கும்.

செத்த செடியின் மண்ணை என்ன செய்வது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் நோய் அடுத்த தொட்டிக்குப் போவது இந்த மண் வழியாகத்தான். ஃபியூசேரியம் தடித்த சுவருள்ள வித்துகளை மண்ணில் விட்டுச் செல்லும். ஆண்டுக்கணக்கில் உணவில்லாமல் அவை கிடக்கும். அந்த மண்ணை முருங்கை மரத்தடியில் கொட்டுவதும், உரக்குழியில் போடுவதும் வேண்டாம். அழுகிய துண்டுகளைப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். மண் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் ஐந்து விரற்கடைக்கு மேல் போகாமல் பரப்பி, நனைத்து, கண்ணாடிபோன்ற தெளிவான பாலித்தீனை மேலே இழுத்து ஓரத்தைச் செங்கல்லால் அமர்த்துங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம். இஸ்ரேலில் கட்டான் என்ற பயிர் நோயியலாளர் 1976இல் வெளியிட்ட முறை இது. கறுப்பு ஷீட்டைவிடத் தெளிவான ஷீட்டே சூட்டை உள்ளே விடும். நம் வெயிலைவிட இதற்கு நல்ல வெயில் எங்கே இருக்கிறது? பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம்.

இனிப் பேச்சு போதும். முன்னால் மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருக்கிறேன். முதல் தட்டில் புள்ளி விழுந்த தண்டு, இரண்டாவதில் கடுகு கட்டியது, மூன்றாவதில் உறை கழன்ற வேர். கண்ணால் பாருங்கள், தொட்டால் பக்கத்தில் ஸ்பிரிட் இருக்கிறது, கையைத் துடைத்துக்கொண்டு நகருங்கள். நேராக வீட்டுக்குப் போய்ச் செடியைத் தொடப்போகிறவர்கள் செருப்பில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நீங்கள் அந்தத் தொட்டியைக் கொண்டு வாங்க. வரும்போதே பக்கத்துத் தண்டுகள் இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டேன், கல்லாட்டம் இருக்குதுங்க. நடுத்தண்டை வெட்டினால்தான் தெரியும். யாராவது அந்தச் செய்தித்தாளை மேசைமேல் விரியுங்கள், கவிழ்க்கலாம்.